பாஸ்வேர்டு மேல் பழி வேண்டாம்: கரண்ட் போய் வந்தபின் கணினி ஏன் திறப்பதில்லை?

"இன்னா தம்பி, நேத்து வரைக்கும் எடுத்த பாஸ்வேர்டு இன்னிக்கு எடுக்க மாட்டேங்குது!" பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையிலிருந்தோ, தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸும் டிடிபியும் சேர்த்து நடத்துகிற கடையிலிருந்தோ சர்வீஸ்காரருக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். முந்தின நாள் மாலை பில் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கும். அல்லது நீலத் திரை வந்து கணினி தானாக அணைந்திருக்கும். அந்த விவரம் நாலு கேள்வி கேட்டபிறகுதான் வெளியே வரும். கடைக்காரர் பாஸ்வேர்டைச் சந்தேகிப்பார், சர்வீஸ்காரர் விண்டோஸைச் சந்தேகிப்பார், கடைசியில் இருவரும் "ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்பதில் ஒத்துப்போவார்கள். அதற்கான தேவை அநேகமாக இருந்திருக்காது.

திடீரென அணைந்த கணினியில் பாஸ்வேர்டு கெட்டுப்போவது மிக அபூர்வம். ஏன் என்று புரிந்துகொள்ள, கரண்ட் போகிற அந்த நொடியில் உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் 'சேவ்' கொடுத்த மறுநொடியே எல்லாம் டிஸ்கில் ஏறிவிடுவதில்லை. வேகத்துக்காக விண்டோஸ் அதை ரேமில் வைத்துக்கொண்டு, சமயம் பார்த்து டிஸ்குக்கு அனுப்பும். டிஸ்கும் தன் பங்குக்கு உள்ளே இருக்கும் சிறு நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு பிறகுதான் எழுதும். கரண்ட் போனால் இரண்டிலும் காத்திருந்தது போச்சு. இதைச் சமாளிக்கத்தான், 1993இல் விண்டோஸ் என்டி 3.1உடன் வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் அதைத் தனிக் குறிப்பில் எழுதிக்கொள்கிறது. சவுகார்பேட்டை மொத்த வியாபாரி அன்றைய வரவு செலவைச் சிட்டையில் குறித்துவைத்து இரவில் பேரேட்டில் ஏற்றுவாரே, அந்த முறைதான். பேரேடு பாதியில் நின்றாலும் சிட்டையைப் பார்த்து மீதியை முடித்துவிடலாம். ஆனால் என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும் சிட்டையில் கோப்பின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்கள்தான் இருக்கும். கோப்புக்குள் எழுதியது இருக்காது. அதனால்தான் சில கோப்புகள் பெயரும் அளவும் மாறாமல் அப்படியே இருக்கும், திறந்தால் உள்ளே வெறுமை.

லாகின் விஷயத்தில் இரண்டு கோப்புகள் முக்கியம். ஒன்று 'சாம்'. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற இடத்தில் இருக்கிறது. அந்தக் கணினியில் உள்ள கணக்குகளும், பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஹாஷும் அதில் இருக்கும். பாஸ்வேர்டு அப்படியே எங்கும் இருக்காது. மற்றொன்று 'என்டியூசர்.டாட்'. ஒவ்வொரு பயனரின் ஃபோல்டருக்குள்ளும் மறைந்திருக்கும். டெஸ்க்டாப் அமைப்பு, பிரிண்டர் தேர்வு, நிரல்களின் நினைவுகள் என்று அந்த ஆளுக்குச் சொந்தமான எல்லா அமைப்பும் அதில்தான். சாமில் எழுதவேண்டிய சந்தர்ப்பம் குறைவு: லாகின் செய்யும்போது, பாஸ்வேர்டு மாற்றும்போது, இப்படிச் சில. என்டியூசரோ நாம் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை திறந்தே கிடக்கும். நாள் முழுக்க அதில் ஏதாவது ஏறிக்கொண்டே இருக்கும். கரண்ட் போகும்போது எது அடி வாங்கும் என்று தனியே சொல்லவேண்டியதில்லை. பாஸ்வேர்டு பத்திரமாக இருக்கும், அதற்குப் பின்னால் திறக்கவேண்டிய வீட்டுச் சாமான்தான் சிதறியிருக்கும்.

மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்து, காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நிறுத்தும் பராமரிப்பு மின்தடை எந்தக் கணினியையும் கெடுப்பதில்லை. எல்லாரும் முன்னதாகவே அணைத்துவிடுகிறார்கள். கெடுப்பது சொல்லாமல் போவது. அதிலும் மோசம், போய் வந்து போவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ இருப்பவர்களுக்கு இது பழக்கப்பட்டதுதான். (அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தை வைத்துக்கொண்டு வடசென்னையில் மின்தடை பற்றி எழுதுவதே ஒரு வேடிக்கை.) முதல் தடவை போனபோது பெரிய சேதம் இருந்திருக்காது. கரண்ட் வந்ததும் கணினி தானே உயிர்பெற்று, மேலே சொன்ன சிட்டையைப் பார்த்துச் சரிசெய்யத் தொடங்கியிருக்கும். அந்த வேலையின் நடுவில் இரண்டாவது முறை போனால்தான் சிக்கல். பல மேஜைக்கணினிகளின் பயாஸில் (விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்), மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி ஒரு அமைப்பு உண்டு. கடைக்கணினிகளில் அதை நிறுத்திவைப்பது நல்லது. கரண்ட் வந்தாலும் கொஞ்ச நேரம் பொறுத்து, விளக்கு துடிக்காமல் நிலையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்தால் போதும்.

'யுபிஎஸ் இருக்கே' என்பார்கள். இருக்கும். அதற்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியின் ஆயுள் சாதாரணமாக இரண்டு, மூன்று ஆண்டு. வெக்கையான சிறு கடையில் அதைவிடவும் குறையும். பச்சை விளக்கு எரிவதை வைத்துப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வேறு. ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் படியும் அழுக்கு, கணினி அடிக்கடி நின்றுபோவதற்கு ஒரு காரணம். பழைய மெக்கானிக்குகள் ரேமைக் கழற்றி அழிரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு மாட்டுவதைக் கேலி செய்ய வேண்டாம். பலமுறை அதுவே போதுமானது.

இனி, திறக்காத கணினிக்கு வருவோம். முதலில் கேட்கவேண்டியது 'எந்த இடத்தில் நிற்கிறது?' என்பதுதான். லாகின் திரையே வரவில்லை என்றால் அது லாகின் சிக்கல் இல்லை; விண்டோஸ் எழும்பவே இல்லை. திரை வந்து, பாஸ்வேர்டு தவறு என்றால் ஒரு வழி. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு அப்புறம் தகராறு செய்தால் முற்றிலும் வேறு வழி. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஃபார்மேட் வரை போகிறது.

தவறு என்று சொல்கிற கணினியில் நூற்றுக்கு ஒன்றில்கூட நான் முதலில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லமாட்டேன். கீபோர்டைப் பார்க்கச் சொல்வேன். மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு. இரவில் போர்டு சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் கடைகளில், நீண்ட மின்தடையில், அதுதான் பயாஸ் அமைப்பையும் கடிகாரத்தையும் காப்பாற்ற வேண்டும். பேட்டரி தீர்ந்திருந்தால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். அப்போது கீபோர்டின் 'நம் லாக்' (Num Lock) அணைந்த நிலைக்குப் போய்விடலாம். வலப்பக்க எண் கட்டங்களில் பாஸ்வேர்டின் எண்களை அடித்துப் பழகிய கேஷியர், விரல் பழக்கத்தில் அடித்துக்கொண்டே இருப்பார். எண்கள் விழாமல் கர்சர்தான் அங்குமிங்கும் நகரும்.

இன்னொன்று மொழி. டிடிபி கடைகளில் தமிழ் விசைப்பலகையை முதல் மொழியாக வைத்திருப்பார்கள். பயனரின் அமைப்புகள் அடங்கிய புரொஃபைல் குழம்பினாலோ, அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் எழுந்தாலோ மொழித் தேர்வு மாறிவிடக்கூடும். தமிழுக்கு மாறினால் உடனே தெரிந்துவிடும். அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பதில் பிரிட்டிஷ் ஆங்கில விசைப்பலகை வந்து உட்கார்ந்தால்தான் ஆபத்து, எழுத்துகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதில் ஷிப்டும் 2ம் சேர்ந்தால் 'அட்' குறி வராது, இரட்டை மேற்கோள் குறி வரும். நம் ஊரில் பாதிப் பேரின் பாஸ்வேர்டு பெயர், ஒரு 'அட்', பிறகு 123 என்ற அமைப்பில்தானே இருக்கிறது! பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் கண் போன்ற குறி இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் அடித்தது என்ன என்று தெரியும். திரையின் வலது கீழ் மூலையில் மொழிக் குறியும் இருக்கும். இவை இரண்டையும் பார்க்காமல் பத்துத் தடவை அடித்துப் பார்ப்பது வீண். 2022இல் வந்த விண்டோஸ் 11 22எச்2 பதிப்பை ஒட்டி, புதிதாக நிறுவிய கணினிகள் பத்துத் தவறான முயற்சிக்குப்பின் பத்து நிமிடம் கணக்கைப் பூட்டிவிடுகின்றன.

மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக லாகின் செய்பவர்களுக்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. பாஸ்வேர்டை அண்மையில் போனிலிருந்து மாற்றியிருப்பார்கள். கரண்ட் வந்தும் ரௌட்டர் இன்னும் எழவில்லை. நெட் இல்லாத கணினிக்குப் புதுப் பாஸ்வேர்டு தெரியாது. தன்னிடம் இருக்கும் பழையதைத்தான் கேட்கும். பழையதை அடித்தால் கதவு திறக்கும்.

பின் எண்ணின் கதை வேறு. நாலு இலக்கமோ ஆறு இலக்கமோ, அது அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. பெரும்பாலான புதுக் கணினிகளில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டிருக்கும். பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பி டிபிஎம் அணைந்துவிட்டால், 'உங்கள் பின் கிடைக்கவில்லை' என்று வரும். பின் மறந்துபோச்சா என்று தன்மேலேயே சந்தேகப்பட வேண்டாம். 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தட்டி, சாவிப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும். பின்னை நெட் வழியாகப் புதுப்பிக்கப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பாருங்கள். சிஆர்2032 போயிருந்தால் கணினி ஏதோ ஒரு பழைய ஆண்டில் உட்கார்ந்திருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், இணையம் இருந்தும் எந்தத் தளமும் ஒழுங்காகத் திறக்காது. பயாஸில் தேதியைச் சரிசெய்து, டிபிஎம்மை ஆன் செய்து, புது பேட்டரி போட்டால் அநேகமாக எல்லாம் வழிக்கு வரும்.

நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அது பிட்லாக்கர். டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது, பயாஸில் ஏற்பட்ட மாற்றத்தைப் பார்த்து அது மிரண்டிருக்கிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் இந்தப் பூட்டு கேட்காமலேயே விழுந்துவிடுகிறது. சாவி அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனிலிருந்து நுழைந்து பார்க்கலாம். ஆனால் கடைக்கணினியை முதலில் அமைத்துக் கொடுத்த பையன் எந்த மின்னஞ்சலைப் போட்டான் என்பது யாருக்கும் நினைவிருக்காது. சாவி இல்லாமல் அந்த டிஸ்கைத் திறந்து தருகிறேன் என்று சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தப் பூட்டின் வலி உலகுக்கே தெரிந்த நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிவாரணம் சுலபம்: சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் சேஃப் மோடுக்குள் போகவே பிட்லாக்கர் சாவி வேண்டியிருந்தது. அதைத் தேடி எடுத்து ஒவ்வொரு கணினியாக அடிப்பதில்தான் பல நிறுவனங்களுக்கு நாட்கள் போயின.

அடுத்தது, என் பார்வையில், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் நிலை. பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது. கொஞ்ச நேரம் சுற்றுகிறது. 'பயனர் புரொஃபைலை ஏற்ற முடியவில்லை' என்று சொல்லி வெளியே தள்ளுகிறது. அல்லது உள்ளே விடுகிறது, ஆனால் டெஸ்க்டாப் புத்தம்புதிதாக, வெறிச்சென்று இருக்கிறது. வைத்திருந்த ஃபோல்டர்கள் இல்லை, பேரக்குழந்தை படம் போட்ட பின்னணி இல்லை, கணக்கு மென்பொருளான டாலியின் ஐகான் இடம் மாறிக் கிடக்கிறது. 'எல்லாம் போச்சு' என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். எதுவும் போகவில்லை. என்டியூசர் கோப்பைத் திறக்க முடியாததால், விண்டோஸ் ஒரு தற்காலிக புரொஃபைலைக் கொடுத்திருக்கிறது. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் பெயரில் பழைய ஃபோல்டர் அப்படியே இருக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது: அந்த வெறும் டெஸ்க்டாப்பில் வேலையைத் தொடங்குவது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவேண்டிய அவசரத்தில் எக்ஸெல் தாளைத் தயாரித்து அங்கேயே சேமித்துவைத்தால், சைன் அவுட் செய்ததும் அது தற்காலிக புரொஃபைலோடு சேர்ந்து அழிந்துபோகும். மற்றபடி, முதலில் ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆண்டிவைரஸ் ஏதாவது அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் காரணமென்றால் அதிலேயே சரியாகிவிடும். 'ஷட்டவுன் செய்து ஆன் செய்தேனே' என்பது இதற்குச் சமமில்லை. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' ஆன் ஆகியிருந்தால், ஷட்டவுனில் விண்டோஸின் மையப்பகுதி முழுதாக அணைவதில்லை. அதை டிஸ்கில் சேமித்துவைத்து மறுபடி எடுத்துக்கொள்கிறது. குழப்பமும் சேர்ந்தே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் முழுத் தொடக்கம்.

அதிலும் சரியாகவில்லை என்றால் லாகின் திரையின் பவர் குறியில், ஷிப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் பழுதுபார்க்கும் மெனு வரும். அங்கிருந்து சேஃப் மோடு. விவரம் தெரிந்தவர், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தைப் பார்ப்பார். ஒரே பயனருக்கு இரண்டு பதிவு இருக்கும்; ஒன்றின் வாலில் பேக் என்ற ஒட்டு இருக்கும். பேக் ஒட்டு உள்ளதுதான் உண்மையான பதிவு. பெயர்களை மாற்றியமைத்தால் பழைய டெஸ்க்டாப் திரும்பிவிடும். என்டியூசர் கோப்பே நொறுங்கியிருந்தால் இந்த வழி பலிக்காது. அப்போது புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, பழைய ஃபோல்டரிலிருந்து டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப், படங்கள் ஆகியவற்றை நகலெடுக்க வேண்டியதுதான். என்டியூசர் என்று தொடங்கும் எதையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள், நோயும் கூடவே வந்துவிடும். டாலிபிரைம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: அதன் தரவு வழக்கமாக யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்ற பொது இடத்தில் இருக்கும். தனி ஆளின் புரொஃபைல் கெட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது.

உள்ளே போனதும் கறுப்புத் திரையும் அம்புக்குறியும் மட்டும் தெரிந்தால், டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் நிரல் எழவில்லை என்று பொருள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதிலிருந்து எக்ஸ்ப்ளோரரை ஓடவிடலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் குறைவு. அவர்களுக்கு வரும் நோய், பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு மறுபடி லாகின் திரைக்கே திருப்பி அனுப்புவது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனால் அதே பாஸ்வேர்டு வேலை செய்யும். டிஸ்க் நிரம்பிவிட்டதா, வீட்டு ஃபோல்டரிலுள்ள எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் உரிமை ரூட் என்ற தலைமைப் பயனருக்குப் போய்விட்டதா என்ற இரண்டைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பாஸ்வேர்டை ரீசெட் செய்து தருகிறேன் என்று சொன்னால், அது உண்மையிலேயே மறந்துபோனதா என்று கேளுங்கள். வெளியிலிருந்து பலவந்தமாக ரீசெட் செய்த கணக்கில், பழைய பாஸ்வேர்டை வைத்துப் பூட்டியிருந்த பொருள்கள் திறக்காது. பிரவுசரில் சேமித்த வங்கி, ஜிஎஸ்டி தளங்களின் பாஸ்வேர்டுகள் அப்படித்தான் காணாமல் போகின்றன. இன்னொன்று, ஹார்டு டிஸ்கில் கடகடவென்று சத்தம் கேட்டால் செக்டிஸ்க் ஓட்ட விடாதீர்கள். முழு டிஸ்கையும் படித்துச் சோதிக்கும் அந்த வேலை, இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்கை ஒரேயடியாக முடித்துவிடும். முதலில் நகல், பிறகுதான் பழுது. அரசாங்கமோ கம்பெனியோ இல்லாத சாதாரணக் கடையில், இரண்டாவதாக ஒரு அட்மின் கணக்கை உருவாக்கி அதன் பாஸ்வேர்டைக் கல்லாவில் எழுதிவைத்தாலே, மேலே சொன்ன புரொஃபைல் சிக்கலில் பாதியை யாரையும் கூப்பிடாமல் சமாளிக்கலாம்.

ஃபார்மேட் தவிர்க்க முடியாது என்ற கட்டம் வந்தே விட்டாலும், டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறொரு கணினியில் செருகி, யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயருள்ள ஃபோல்டரைத் திறக்கும்போது 'அனுமதி இல்லை' என்று வரும். கன்டினியூ கொடுத்தால் உரிமையை மாற்றிக்கொண்டு உள்ளே விடும். கோப்புகள் நிறைய இருந்தால் அதற்கே நெடுநேரம் பிடிக்கும், நடுவில் கேபிளைப் பிடுங்கக் கூடாது.